வெளிநாட்டு நாய்க்குட்டியும் 15 வாரக் கணக்கும்

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாய்க்குட்டி கேட்கும் பிள்ளைகள் பெருகிவிட்டனர். ஊரில் நாயைப் பெரும்பாலும் எவரும் விலைக்கு வாங்கியதில்லை. படலையடியில் வந்து நின்றது வீட்டு நாயாயிற்று, சோறு வைத்தவர் அதற்கு உரிமையாளர் ஆனார். அந்த நினைவோடு வளர்ந்த பெற்றோர், ஒரு குட்டிக்கு ஆயிரம், இரண்டாயிரம் பவுண்கள் கொடுப்பதா என்று மலைக்கின்றனர். அம்மலைப்பே அவர்களை, வெளிநாட்டிலிருந்து குறைந்த விலையில் 'சாதி நாய்' தருவித்துத் தருவதாகக் கூறும் விளம்பரங்களிடம் இட்டுச் செல்கின்றது. (மனிதரிடையே சாதி வேண்டாம் என்போரும் நாய் வாங்கும்போது மட்டும் அச்சொல்லைத் தேடிச் செல்வது தனி வேடிக்கை.)

விளம்பரத்தில் குட்டியின் வயது 8 வாரம் என்றிருக்கும். இங்குதான் பெற்றோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு 12 வாரம் நிறைந்த பின்னரே ஏற்றலாம். அதன்பின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே ருமேனியா, கங்கேரி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து 15 வாரத்திற்குக் குறைந்த எந்தக் குட்டியும் சட்டப்படி பிரித்தானியாவுக்குள் வர இயலாது. 8 வாரக் குட்டியொன்று வாசலில் வந்து இறங்குமாயின், அதன் கடவுச்சீட்டிலுள்ள பிறந்த திகதியோ தடுப்பூசித் திகதியோ பொய் என்றே கொள்ளல் வேண்டும். 'டோக்ஸ் ட்ரஸ்ட்' என்னும் நாய்நல அமைப்பு 2014 முதல் அம்பலப்படுத்தி வருவது இத்தகைய கடத்தலையே. அகப்படும் குட்டி 4 மாதம் வரை தனிமைப்படுத்தப்படலாம். செலவு உரிமையாளரைச் சாரும். விசர்நோயின் அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை என்பதை ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, சட்டப்படி 15 வாரத்தின் பின்னரே வரும் குட்டியை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. இதைப்பற்றி விற்பவர் எவரும் வாய் திறப்பதில்லை. நாய்க்குட்டி மனிதரையும் குழந்தைகளையும் வீட்டுச் சத்தங்களையும் அஞ்சாது பழகிக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையானது. அக்காலம் முழுவதையும் அக்குட்டி, வாங்குபவர் ஒருபோதும் கண்டிராத ஓர் இடத்தில் கழித்திருக்கும். அது அன்பான வீடாகவும் இருக்கலாம், இருண்ட கொட்டகையாகவும் இருக்கலாம். கொட்டகையில் வளர்ந்த குட்டி, பின்னர் தொலைக்காட்சிச் சத்தத்திற்கும் நடுங்கும். அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கும். வம்சச் சான்றிதழ் இதற்கு எவ்வகையிலும் பிணையாகாது. அது பெற்ற நாய்களின் பெயரைக் கூறுமேயன்றி, குட்டி வளர்ந்த விதத்தைக் கூறாது.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறையிலுள்ள 'லூசி சட்டம்', 6 மாதத்திற்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் வணிகமாக விற்பதைத் தடைசெய்தது. குட்டியைத் தாயுடன், அது பிறந்த இடத்திலேயே கண்டு வாங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். கைப்பேசிக் காணொளியில் காட்டப்படும் தாய் நாய், அக்குட்டியின் தாய்தானா என்பதை எவராலும் உறுதிசெய்ய இயலாது.

இனத் தெரிவிலும் நிதானம் தேவை. பிரெஞ்சு புல்டோக், பக் போன்ற தட்டையான முகமுடைய இனங்கள் பல மூச்சுவிடவே சிரமப்படுகின்றன. 'கவலியர் கிங் சார்ள்ஸ்' இன நாய்களின் பரம்பரை நோய்கள் காரணமாக, அவ்வினத்தை இதுவரை செய்தவாறே இனப்பெருக்கம் செய்வது சட்டவிரோதம் என 2023ஆம் ஆண்டு நோர்வே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இளையோருக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆங்கிலப் பத்திரங்களைப் பெற்றோருக்காக வாசிப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. படத்தைக் கண்டு மயங்கி முற்பணம் அனுப்பத் தூண்டாது, தாய் தந்தை நாய்களின் இடுப்பு மூட்டுப் பரிசோதனை முடிவுகளை அவர்கள் கேட்டுப் பெறலாம். கூண்டுக்கு, காப்புறுதிக்கு, விமானத்திற்கு என்று மேலும் மேலும் பணம் கேட்கப்பட்டால், அங்கே குட்டியே இல்லை என்பதையும் அவர்களே முதலில் உணர்ந்துகொள்வர்.

முதன்முறையாக நாய் வளர்க்கும் குடும்பம் வெளிநாட்டில் வாங்காதிருப்பதே நன்று. இங்கு கிடைக்காத அரிய இனம்தான் வேண்டுமென்றால், பணம் அனுப்புமுன் ஒருவர் நேரில் சென்று தாயையும் குட்டிகளையும் பார்த்து வரட்டும். புக்கரெஸ்ட்டுக்கோ புடாபெஸ்ட்டுக்கோ போய்வர ஆகும் விமானக் கட்டணம், ஒரு குட்டியின் விலையில் சிறு பகுதியே.