48 இலக்கத் திறப்பு

சென்ற மாதம் நம் தமையனாரின் புதல்வி கண்கலங்கியவளாய் நம் இல்லம் வந்தாள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பயில்பவள். மேசையிலிருந்து வீழ்ந்த மடிக்கணனி இயங்க மறுத்துவிட்டது. ஆய்வுக் கட்டுரை முழுவதும் அதனுள்ளே. வேறு பிரதி இல்லை! "சித்தப்பா, இன்னும் மூன்று வாரந்தான் இருக்கிறது" என்றாள். கடைக்காரர் ஒருவர், தட்டினை அழித்துப் புதிதாக அமைக்கலாம் என்றாராம். நல்லவேளை, அவள் இசையவில்லை.

2007 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த விஸ்டா தொட்டு, விண்டோஸ் கணனிகள் பலவற்றில் பிட்லொக்கர் என்னும் பூட்டு உண்டு. தட்டில் எழுதப்படுவன யாவும் மறைமொழியாக மாற்றப்பட்டே பதிகின்றன. சாதாரண மீட்புக் கருவி கொண்டு தேடினால் பொருளற்ற எழுத்துக் குவியலே கிட்டும். எனினும் தட்டில் ஓரிடம் பழுதுற்றால் அவ்விடத்துச் செய்தியே கெடும், ஏனையவை தப்பும். பூட்டின் விபரங்கள் அடங்கிய பகுதி கெட்டாலன்றோ பேரிடர்! அதனாலேயே அப்பகுதிக்கு 3 பிரதிகள் வெவ்வேறிடங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் திறப்பு எவரிடத்தும் இல்லையெனில், பூட்டினைச் செய்தவராலும் திறக்க இயலாது.

அத்திறப்பு 48 இலக்கங்கள் கொண்டது. 6 இலக்கமுள்ள 8 தொகுதிகள். பலருக்கு அது மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அவளது கணக்கில் இல்லை. தமையனாரோ கணனி வாங்கிய நாளிலேயே அதனை வீட்டுச் செலவுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். (எதையும் எழுதிவைக்கும் அவரது பழக்கத்தை நாம் பலமுறை நகையாடியதுண்டு.) ஆனால் நான்காம் தொகுதியில் மை கசிந்து, மூன்றாம் இலக்கம் 4 ஆ, 9 ஆ என்று விளங்கவில்லை.

மாணவர்களே, இங்குதான் கணிதம் கைகொடுத்தது. ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றி வகுபடும். 419623 ஐ வகுத்தோம், மீதி 6. 414623 ஐ வகுத்தோம். ஈவு 37693, மீதி இல்லை. ஆகவே 4!

விஷயமறிந்த நண்பர் ஒருவர் தட்டினைக் கழற்றி, முதலில் அதன் முழுப் பிரதியொன்றை எடுத்தார். நோயுற்ற தட்டு எப்போது அடங்கிவிடும் என்று சொல்ல முடியாதாம். பின்னர் விண்டோஸுடன் வரும் பிட்லொக்கர் திருத்தும் கருவி, அப்பிரதியைப் படித்து மற்றொரு தட்டில் மீட்டு எழுதலாயிற்று. எழுதப்படும் தட்டில் முன்பிருந்தவை அழிந்துவிடுமாதலால், வெறுமையான தட்டு வேண்டுமென்று நண்பர் இருமுறை நினைவூட்டினார்.

இரவெல்லாம் ஓடிற்று. விடியற்காலையில் கட்டுரை முழுதாய்க் கிடைத்தது. நான்கு படங்கள் மட்டும் பாதி சாம்பல் நிறமாகிவிட்டன. அவற்றுள் ஒன்று நமது மணிவிழாப் படம்.