பிள்ளை மடுவமும் பிடி சோறும்

தேயிலையின் உற்பத்திச் செலவு யாதென வினவினால், தோட்ட நிருவாகங்கள் சதக் கணக்கில் விடையிறுக்கும். உரத்துக்கு ஒரு நிரல், களை வெட்டுக்கு ஒரு நிரல், கொழுந்து ஏற்றும் லொறிக்கு ஒரு நிரல், ஆலையின் விறகுக்கு ஒரு நிரல். ஆயின், மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாயின் இரண்டு வயதுப் பிள்ளையைப் பகல் முழுவதும் பார்ப்பவருக்கான கூலியும், அப்பிள்ளையின் மதியச் சோறும் ‘நலன்புரி’ என்றே பேசப்படுகின்றன. நலன்புரி என்ற சொல்லிலே ஒரு தயவு ஒளிந்திருக்கிறது. தயவு எப்போதும் குறைக்கப்படலாம். செலவோ கட்டாயம் கொடுக்கப்பட வேண்டியது.

பிள்ளை பராமரிப்பு தேயிலை உற்பத்தியின் செலவேயன்றித் தோட்டத்தின் தயவு அன்று. பராமரிப்பவரின் ஊதியத்தையும் பிள்ளையின் உணவுச் செலவையும் தாயின் மடியில் இறக்கி வைப்பது அநீதி. அவ்விரண்டையும் ஒரே கட்டணமாகப் பிணைப்பது அதனினும் பெரிய அநீதி. இதுவே இக்கட்டுரை வற்புறுத்தும் கருத்தாகும்.

பிள்ளை மடுவம் எவ்வாறு தோன்றியது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பிள்ளைகள் மீது கொண்ட பரிவினால் மட்டும் துரைமார் அதனைக் கட்டவில்லை. கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டியிருந்தது. அக்கை ஓய்வதற்குப் பிள்ளை காரணமாகிவிடக் கூடாது என்பதற்காகவே மடுவம் எழுந்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாலூட்டும் இடைவேளையைத் தாயின் உரிமையாக்கின. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. அதே ஆண்டில் நிறுவப்பட்டு இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்கும் அமைப்பின் மேற்பார்வையில் மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பெயர் மாறிற்று, பல இடங்களிற் கட்டடமும் மாறிற்று. கணக்கு மாறவில்லை.

இனி ஹாலிஎலப் பகுதியை நோக்குவோம். தெமோதரைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட இச்சரிவுகளில் வாழும் இளந்தாய்மார் எல்லாரும் இன்று செக்ரோலில் பெயர் உள்ளவர்கள் அல்லர். பதுளை நகரத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். தோட்டப் பதிவில் பெயரில்லாத தாயின் பிள்ளைக்கு மடுவத்தின் கதவு தயவாகத் திறக்கலாம், உரிமையாகத் திறப்பதில்லை. திறந்தாலும், தோட்டத்து வேலை முடியும் நேரத்தில் அது மூடப்படும். கடையில் நிற்கும் தாயோ இருட்டிய பின்னரே பஸ்ஸிலிருந்து இறங்குவாள். ஆகவே பிள்ளை லயத்து ஆச்சி ஒருவரிடம் போய்ச் சேருகிறது. நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து ஓய்வுபெற்ற முதுகுகளே இத்தகைய ஆச்சிமாருடையவை.

ஆச்சியின் கட்டணம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது? எழுத்தில் எதுவும் இல்லை. உறவுமுறை பார்க்கப்படும், பிள்ளையின் வயது பார்க்கப்படும், பால்மாவும் சோறும் வீட்டிலிருந்து வருமா என்பது கேட்கப்படும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயின் நாட்கூலி எவ்வளவு என்பது கணிக்கப்படும். கணக்கு விளங்குவதற்காக ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிள்ளைகளைப் பார்க்கும் ஆச்சிக்குக் கிடைப்பது 800 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமான 1350 ரூபாவில் இது ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. அதே 1350 ரூபாவைப் பெறும் தாய் இரண்டு பிள்ளைகளை விட்டுச் சென்றால் 400 ரூபாவை, அதாவது சம்பளத்தில் ஏறக்குறைய முப்பது வீதத்தை, மாலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆச்சிக்கு அது போதாது. தாய்க்கு அது தாங்காது. இரு ஏழைப் பெண்கள் ஒருவரையொருவர் நொந்துகொள்கின்றனர். நோகப்பட வேண்டியவரின் பெயரோ இக்கணக்கிலேயே இல்லை.

உணவின் கதை இதனினும் கொடியது. கட்டணத்துக்குள்ளேயே சோறும் அடங்கும் என்று பேசிக்கொண்டால், விலை ஏறும் போதெல்லாம் ஏற்றத்தைச் சுமப்பது பிள்ளையின் தட்டே. 2022இல் அரிசியும் மாவும் பால்மாவும் எட்டாத விலைக்கு ஏறியதை நாம் அனைவரும் அறிவோம். கட்டணத்தை மாதந்தோறும் உயர்த்த முடியாது; தட்டைக் குறைக்க முடியும். முதலில் முட்டை போகும். பின்னர் பருப்பு தண்ணீராகும். ஈற்றில் சோறும் சம்பலும் மிஞ்சும். மாறாக, அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவரட்டும் என்றால், முட்டையோடு வந்த பிள்ளைக்கு அருகே வெறும் ரொட்டியோடு வந்த பிள்ளை அமர்கிறது. ஏற்றத்தாழ்வின் முதற் பாடத்தை மூன்று வயதிலேயே அது கற்றுக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம், பெருந்தோட்டத் துறையிலோ 31.7 வீதம். இவ்விலக்கங்களுக்குப் பின்னால் இருப்பவற்றுள் மதியத் தட்டும் ஒன்று.

‘இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, தாய்மாரும் பங்களிக்க வேண்டும்’ என்பர் சிலர். தாய் தன் பங்கைக் கொழுந்துக் கூடையிலே ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதும் செலவைக் காட்டி எதிர்த்தவர் உண்டு. சத்துணவு இன்று அங்கே எந்தக் கட்சியும் கைவைக்கத் துணியாத உரிமை. ‘கம்பனிகள் நட்டத்தில் இயங்குகின்றன’ என்பர் வேறு சிலர். நட்டத்திலும் உரத்துக்குப் பணம் தேடுவோர் பிள்ளைக்குத் தேட முடியாதா? இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகத்தை முதலாளியின் கடமையாகவே விதித்தது. ‘ஆச்சியின் பாசத்துக்கு விலை பேசலாமா’ என்பர் மூன்றாமவர். பாசம் அரிசி வாங்காது. பாசத்தின் பெயரால் ஊதியம் மறுப்பது மிகப் பழைய சுரண்டல்.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, பராமரிப்பும் உணவும் இரு வேறு கணக்குகளாதல் வேண்டும். இரண்டாவது, மடுவத்திலாயினும் லயத்திலாயினும் பிள்ளை பார்ப்பவருக்குக் கொழுந்து பறிப்பவருக்குக் குறையாத நாட்சம்பளம் வேண்டும். தோட்டத்தில் உழைக்கும் தாயின் பிள்ளைக்கு அதனைக் கம்பனியும், வெளியே உழைக்கும் தாயின் பிள்ளைக்கு அரசும் கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, உணவுச் செலவு தலைக்கணக்கில் அரசினால் வழங்கப்பட்டு, விலை ஏற ஏறத் தானும் ஏற வேண்டும். 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கான தொகையை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தியது. நன்று. ஆனால் முன்பள்ளி வயதை எட்டாத பிள்ளைக்கும் பசிக்கும். காலையில் உண்ட பிள்ளைக்கு மதியத்திலும் பசிக்கும்.

2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளைப் பல்கலைக்கழகங்களிலும் மேடையேற்றிப் பேசினோம். தாயின் தியாகத்தைப் பாடினோம். அவள் மாலையில் ஆச்சியின் கையில் எண்ணி வைக்கும் தாள்களைப் பற்றி எவரும் பேசவில்லை. அடுத்த கூட்டு ஒப்பந்தமோ சம்பளச் சபைத் தீர்மானமோ வரும்போது, நாட்கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாது, அந்த நாளில் பிள்ளையைப் பார்த்த கூலியும் பிள்ளை உண்ட சோறும் எவர் கணக்கில் எழுதப்பட்டன என்றும் கேட்போமாக.