பாயிண்டும் பேரனும்

பேரனுடைய குட்டி ரயில் எப்போதும் பாயிண்டில்தான் கவிழ்கிறது. "மெதுவா ஓட்டுடா" என்று வீட்டில் எல்லோரும் அவனையே திட்ட, அவன் எல்லாவற்றையும் பரணில் போடப் போனான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

மணியாச்சி, மீளவிட்டான் பக்கம் நான் சிக்னல் வேலையில் இருந்தபோது முதலில் பார்ப்பது டங் ரயிலைத்தான். அதன் நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி, ஸ்டாக் ரயிலுக்கு இடையில் 5 மி.மீ. தகடு வைத்து பாயிண்டைத் திருப்புவோம். லாக் விழக்கூடாது. விழுந்தால் பாயிண்ட் ஃபெயில். சக்கர விளிம்பு நுழைய அந்தச் சந்து போதும்.

பேரனுடையது ஹெச்.ஓ., அசலில் 87-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 5 மி.மீ. என்பது ஒரு தாளின் கனம்கூட வராது. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரு பொடி ஒட்டினால் தீர்ந்தது. (உப்பு வேகன் நின்ற லைனில் கம்பி பொரிந்துபோனதைப் பார்த்தவன் நான்.)

துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன், நுனி தட்டியது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு. ஒரு சக்கர ஜோடி உள்பக்கம் நெருங்கியிருந்தது, அதையும் விலக்கினேன். நேற்று சாயங்காலம் பத்துச் சுற்று, கவிழவில்லை. ஓட்டியது அதே வேகத்தில்தான்.