கண்டறிந்தால் மட்டும் போதுமா?

புதிய மருந்தைக் கண்டறிந்தவரை உலகம் போற்றுகிறது. அம்மருந்து நோயாளியின் படுக்கை வரை வந்து சேர்ந்ததா என்று கேட்பவர் மிகச் சிலரே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். மருத்துவ அறிவுக்கும் அது பொருந்தும்.

பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளுக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் தந்து பயன் கண்டது 1747இல். அக்கப்பற்படை எலுமிச்சைச் சாறு வழங்க முறையாக ஏற்பாடு செய்ததோ 1795இல். இடையில் 48 ஆண்டுகள்! அக்காலத்தில் மாண்டோர் பலர், மருந்தில்லாமல் மாண்டவரல்லர். தெரிந்த மருந்து வந்து சேராமல் மாண்டவர்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இந்த இடைவெளி இன்னும் கொடியது. விபத்தில் குருதி இழப்போருக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் உயிர்காக்கும் என்பதை, 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2010இல் மெய்ப்பித்தது. நம் நாட்டு மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. ஆனால் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதன்பின் கொடுத்தால் தீங்கும் நேரலாம் என்பது அந்த ஆய்விலிருந்தே தெரிந்தது. மருந்தின் பெயரை அறிந்தால் போதாது. உரிய நேரத்தில் அது கைக்கு எட்டவும் வேண்டும்.

எட்டச் செய்வது எப்படி? சுற்றறிக்கை அனுப்பினால் போதும், சொற்பொழிவு நடத்தினால் போதும் என்போர் உண்டு. அவர்கள் கனடாவின் அனுபவத்தை அறிதல் நன்று.

விபத்தில் சிக்கியவர்களில் யாருக்குக் கழுத்து எக்ஸ்ரே தேவை என்று சொல்லும் எளிய விதியை, இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரின் குழு 2001இல் வெளியிட்டது. விதியை எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. 12 மருத்துவமனைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் பயிற்சி தந்து, எக்ஸ்ரே கேட்கும் படிவத்திலேயே விதியை நினைவூட்டினர். மறுபிரிவை அப்படியே விட்டனர். முதற்பிரிவில் நூற்றுக்கு 62 பேருக்கு எடுக்கப்பட்ட படம் 53 ஆகக் குறைந்தது. மறுபிரிவிலோ 53 என்பது 59 ஆக உயர்ந்தது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று.

தலைக்காயத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பதற்கான விதியையும் அவ்வாறே 12 மருத்துவமனைகளில் சோதித்தனர். 2010இல் வெளிவந்த முடிவு என்ன? இரு பிரிவிலும் ஸ்கேன் எண்ணிக்கை கூடியிருந்தது! விதி நல்லது; வழியும் ஏறத்தாழ அதுவே; பயன்தான் இல்லை.

இதிலிருந்து பெறும் பாடம் இதுதான்: மருந்தைச் சோதிப்பது போலவே, மருந்தைக் கொண்டு சேர்க்கும் வழியையும் சோதித்தே ஆகவேண்டும். ஒப்பிட மற்றொரு பிரிவும் வேண்டும். காலப்போக்கில் தானே நேரும் மாற்றத்தை நம் முயற்சியின் விளைவென்று மயங்காதிருக்க அதுவே வழி. நோயாளிகளைப் பிரிக்காமல் மருத்துவமனைகளையே பிரித்ததற்கும் காரணம் உண்டு. ஒரு நோயாளிக்கு விதியைப் பின்பற்றிய மருத்துவர், அடுத்தவரிடம் அதை மறந்துவிட முடியுமா?

மருந்துக்கே பணமில்லாத நாட்டில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பணம் குறைந்த வீட்டில்தானே கணக்கு அவசியம்? வேண்டாத படம் குறைந்தால், வேண்டியவர் காத்திருக்கும் நேரமும் குறையும்.

கலைக் கல்லூரி மாணவருக்கு இதில் என்ன வேலை என்று எண்ணாதீர்கள். மருத்துவர் ஏன் பழைய வழக்கத்தை விடத் தயங்குகிறார் என்பது உளவியல் கேள்வி. செலவும் பயனும் பொருளியல் கேள்வி. எத்தனை மருத்துவமனைகளை ஆய்வில் சேர்ப்பது என்பது புள்ளியியல் கேள்வி. செவிலியரும் மருத்துவரும் எப்படிப் பணியைப் பகிர்கின்றனர் என்பது சமூகவியல் கேள்வி. ஊசி போடுவதற்கு மருத்துவப் பயிற்சி வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை காண நம் பட்டங்களும் வேண்டும்.

அறிவைப் பெருக்குவது பெருமை. அதை உயிர் போகுமுன் கொண்டு சேர்ப்பது கடமை. அக்கடமையில் நமக்கும் பங்குண்டு என்பதை மாணவ நண்பர்கள் உணர்வார்களாக!