துலைக்கோலில் நிறுத்த மாநிலங்கள்

அமெரிக்க ஒன்றியத்தில் மக்கள் பெருகப் பெருகப் புதிய மாநிலங்கள் இயல்பாகச் சேர்ந்தன என்று எழுதுவாரும் உளர். பொய்! அடிமையுடைமை என்னும் துலைக்கோலில் நிறுத்தே அவற்றைச் சேர்த்தனர்.

1819-இல் மிசௌரி அடிமைகளோடு வந்து வாயிலில் நின்றது. இனிப் புதிய அடிமைகளைக் கொணரலாகாது, பிறக்கும் மகவை 25 அகவையில் விடுவித்தல் வேண்டும் என்னும் திருத்தத்தைக் கீழவை ஏற்றது, மேலவை தள்ளியது. அவ்வாண்டிறுதியில் அடிமையுடைய மாநிலம் 11, இல்லாதது 11. மாநிலத்திற்கு இருவர் அமரும் மேலவையில் அந்நிகர்மை குலையலாகாதாம்! ஆகவே மாசச்சூசெட்சினின்று மேய்னைப் பிரித்து, 1820-இல் மறுதட்டில் வைத்தனர். இதற்கு 'உடன்பாடு' என்று பெயர். யார்க்கும் யார்க்கும் உடன்பாடு? விலங்கு பூண்டவனைக் கேட்டார் உளரோ?

கேளாவிடினும் எண்ணினர். 1787-இல் வரைந்த அரசியல் சட்டம் அடிமை ஐவரை மூவராகக் கணக்கிட்டு, அதனால் மிகுந்த கீழவை இருக்கைகளை ஆண்டைக்கே ஈந்தது. அச்சட்டத்தில் அடிமை என்னும் சொல்லே இல்லை. 'மற்றை ஆட்கள்' என்று மெழுகினர். இழிவைச் செய்யக் கூசாத கை அதன் பெயரை எழுதக் கூசியது போலும்!

1836-இல் ஆர்க்கன்சா நுழைய, 1837-இல் மிச்சிகன் நுழைந்தது. 1850-இல் கலிபோர்னியா அடிமையின்றிப் புகுந்தபோது, தப்பியோடியவனைப் பிடிக்க வடமாநிலத்தானும் துணைநிற்க வேண்டும் என்னும் கொடுஞ்சட்டமே தென்மாநில ஆண்டைகட்கு ஈடாயிற்று. கான்சாசோ 1854 முதல் குருதி சிந்தியும் வெளியிலேயே நின்றது. தென்மாநில உறுப்பினர் பலர் அவையை விட்டு நீங்கிய பின்னரே, 1861 சனவரி 29-இல், அதற்குக் கதவு திறந்தது.