சிலிண்டர் இருக்கு, படிப்பு எங்க?

ஸ்கூபா பழகக் கடல்தான் வேணும் எண்டில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில ரெயின்போ எண்ட ஊற்றுநீர் ஆற்றில புதுசாப் பழகிறவை முதல் சான்றிதழுக்குச் சுழியோடுகினம். எங்கட கனகராயன் ஆற்றில அது சரிவராது: மாரியில கலங்கல், கோடையில மணல். ஆனா ஆறில்லாதது குறையில்லை, படிப்பில்லாததுதான் குறை.

கடலட்டைக்குச் சிலிண்டரோட இறங்கிற எங்கட பெடியளில எத்தனை பேர் முறையாப் படிச்சவை? பி.ஏ.டி.ஐ. தொடக்கச் சான்றிதழுக்குப் பாடம், தடாகப் பயிற்சி, திறந்த நீரில 4 சுழியோடல். ஆழம் 18 மீற்றருக்கு மேல இல்லை. முதல் விதி, மூச்சை அடக்காதே. 10 மீற்றரில இழுத்த காற்று மேற்பரப்பில இரண்டு மடங்காகும். அடக்கினா நுரையீரல் கிழியும். ஆழத்தில கனநேரம் நிண்டு விறுவிறெண்டு ஏறினா, உடம்பில கரைஞ்ச நைதரசன் குமிழியாகி ஆளை முடக்கும்.

நிலாவெளியில சுற்றுலாப் பயணிகள் இதைக் காசு குடுத்துப் படிக்கினம். பொழுதுபோக்க வாறவருக்குப் பயிற்சி, பிழைக்க இறங்கிறவருக்கு வெறும் துணிச்சலோ? முல்லைத்தீவில, தமிழில, ஒரு பயிற்சிநெறி தொடங்கோணும். அட்டை பிடிக்க அனுமதி குடுக்கிறவை முதல் அந்தச் சான்றிதழைக் கேக்கட்டும்.