மருத்துவ ஏடுகளின் பேரட்டவணை

நம் சங்கத்துக் குடும்பங்களில் மருத்துவம், செவிலியம், மருந்தியல் பயிலும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். பெற்றோர் கடன்பட்டும் கல்லூரிக் கட்டணம் செலுத்துகின்றனர். தடித்த பாடநூல்களும் வாங்கித் தருகின்றனர். ஆயினும் ஒரு நூல் அச்சேறிக் கைக்கு வருவதற்குள் மருத்துவ ஆராய்ச்சி பல காதம் கடந்துவிடுகின்றது. அந்தப் புதுச் செய்திகளைத் தேடும் வழியையே இத்திங்கள் எழுத விழைகின்றோம். நாம் மருத்துவம் கற்றோம் அல்லோம். ரயில்வேயில் பதிவேடு எழுதிப் பிழைப்பவர். ஆனால் சரக்கு எவ்வளவு வந்து குவிந்தாலும், பதிவேடு இல்லையேல் அது காணாமற்போன சரக்கே என்பதை நன்கறிவோம்.

மருத்துவக் கட்டுரைகளுக்கும் அத்தகைய பதிவேடு ஒன்று உண்டு. அமெரிக்க இராணுவ மருத்துவரான ஜான் ஷா பில்லிங்ஸ் என்பார் 1879-இல் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்னும் அட்டவணையைத் தொடங்கினார். உலகின் மருத்துவ இதழ்களில் எவர் எதைப் பற்றி எழுதினார் என்பதைப் பொருள்வாரியாகத் தொகுத்தது அது. அதன் வழித்தோன்றலான மெட்லைன், 1971-இல் கணிப்பொறி வழியே தொலைவிலிருந்தும் தேடத்தக்கதாயிற்று. 1997-இல் ‘பப்மெட்’ என்னும் பெயரில் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. இன்று அதில் 3 கோடியே 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. கைப்பேசி உள்ள எவரும் அதனைத் திறந்து தேடலாம்.

இதனால் விளையும் பயன் யாது எனின், உயிர் என்றே சொல்ல வேண்டும். குறைமாதப் பேறு நேரும் எனத் தெரிந்தவுடன் தாய்க்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதை நியூசிலாந்து மருத்துவர் இருவர் 1972-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னரும் பல ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால் அவை வெவ்வேறு ஏடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை முறையாகத் தொகுத்து எடைபோட்ட கட்டுரை 1989-இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் எத்தனையோ மாண்டன. 1993-இல் தோன்றிய ‘கோக்ரேன்’ அமைப்பு, சிதறிய ஆய்வுகளைத் தொகுத்து முடிவு கூறுவதையே தன் தொழிலாகக் கொண்டது. அந்த ஸ்டீராய்டு ஆய்வுகளின் வரைபடத்தையே தன் சின்னமாகவும் வைத்துக்கொண்டது.

இனித் தேடும் முறைக்கு வருவோம். பப்மெட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான தலைப்புச் சொல் ஒன்று உண்டு. அச்சொற்றொகுதிக்கு ‘மெஷ்’ என்று பெயர். ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதினாலும், ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்னும் தலைப்பின்கீழ் உள்ளவற்றையும் சேர்த்தே அது தேடித் தரும். பிள்ளைகள் அத்தலைப்புச் சொற்களைப் பழகிக்கொள்ளல் நன்று. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து நின்றால் மலைக்க வேண்டா. ‘சிஸ்டமேடிக் ரிவ்யூ’ என்ற வடிகட்டியை இட்டு, தொகுப்பாய்வுகளை முதலிற் படிக்க. தனி ஆய்வுகளைப் பின்னர்ப் படிக்க.

பழகிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டும் தருவோம். சென்னையில் 1956-இல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று அமைந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், வீட்டில் தங்கிப் பெறும் மருத்துவமும் சானடோரியத்தில் பெறும் மருத்துவத்திற்கு ஏறக்குறைய இணையான பலனையே தரும் என்பதை அம்மையம் 1959-இல் நாட்டியது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய அக்கட்டுரை முழுவதும் ‘பப்மெட் சென்ட்ரல்’ என்னும் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. நம் பிள்ளைகள் முதலிற் படிக்க இதனினும் தக்கது வேறு வேண்டுமோ?

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அட்டவணையில் ஏறியது அனைத்தும் மெய்யன்று. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்புண்டு என்ற பொருள்பட 1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே கண்டு எழுதப்பட்டது. 2010-இல் அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றது. இன்றும் அது பட்டியலில் உண்டு, திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்புடன். அக்குறிப்பைக் காணாதவன் ஏமாறுவான். அன்றியும் எலிக்கு நலம் செய்த மூலிகை மனிதனுக்கும் செய்யும் எனக் கொள்ளலாகாது. கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, வீட்டுப் பெரியவரின் சர்க்கரை மாத்திரையை நிறுத்தும் துணிவு எவர்க்கும் வேண்டா. தேடிக் கண்டதை மருத்துவரிடம் கேள்வியாகக் கொண்டு செல்லுங்கள். தீர்ப்பாகக் கொண்டு செல்லாதீர்கள்.

சுருக்கம் இலவசம்; முழுக் கட்டுரைக்கோ பல இதழ்கள் பெரும்பொருள் கேட்கின்றன. மத்திய அரசு 2025 சனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. அரசுக் கல்லூரியிற் பயில்வோர் தம் நூலகரிடம் இன்றே விசாரிக்க வேண்டும். தனியார் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பு இன்னும் எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. அவர்கள் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்ற வடிகட்டியை இட்டுத் தேடுக. கிடையாதவிடத்துக் கட்டுரையாசிரியர்க்கே பணிவாக மடல் எழுதிப் படி ஒன்று கேட்கலாம். மனமுவந்து அனுப்புவோர் பலர் உளர். தில்லியில் வாழ்வோர்க்குத் தேசிய மருத்துவ நூலகமும் அருகில் உண்டு.

மேல்வகுப்பில் பயில்வோர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கூடத்திற்கு வந்து இளையோர்க்கு இதனைக் கற்பித்தால் என்ன? ஊரைவிட்டு வந்த நமக்குப் பிள்ளைகளின் கல்வியே நிலபுலம். பெற்றோரே, மதிப்பெண் எத்தனை என்று கேட்கும் நாவினால், இவ்வாரம் எந்தக் கட்டுரை படித்தாய் என்றும் ஒருமுறை கேளுங்கள்.